பொம்மையாக ஆடிய பிரபு: இத்தாலிய நடிகர் டோட்டோ

1952இல் வந்த 'டோட்டோ ஆ கொலோரி' என்ற இத்தாலியப் படம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பொம்மலாட்டக் காட்சி வருகிறது. துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி ஓடும் நாயகன் ஒரு பாவைக்கூத்து அரங்குக்குள் நுழைந்துவிடுகிறான். ஒளிய வேறு இடமில்லை. பினோக்கியோ பொம்மையாக மற்ற பொம்மைகளோடு நின்றுவிடுகிறான். இசை தொடங்குகிறது, ஆடியே ஆக வேண்டும். கை மேலே போகிறது. தோள் தூக்கிப் போவதாகத் தெரியவில்லை, மணிக்கட்டில் கட்டிய கயிற்றை யாரோ மேலிருந்து சுண்டுவது போல இருக்கிறது. கழுத்து தனியாகப் பக்கவாட்டில் நகர்கிறது. முழங்கால்கள் எடையே இல்லாமல் மடிகின்றன. கடைசியில் கயிறு கைநழுவிப் போனது போல அந்த உடம்பு மொத்தமும் தரையில் ஒரு குவியலாகச் சரிகிறது. அதற்குள் எலும்பு இருந்ததாகவே நம்ப முடியாது.

அதைச் செய்த மனிதருக்கு அப்போது வயது 54. ஒரு கண்ணில் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் விளக்குகளின் சூடு தாங்க முடியாததாக இருந்தது. இத்தாலியில் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படங்களில் அது ஒன்று. ஃபெரானியாகலர் என்ற அந்த உள்நாட்டுப் படச்சுருளில் காட்சி பதிய வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டியிருந்தது.

அந்த மனிதர்தான் டோட்டோ. 1937 முதல் 1967 வரை 97 படங்களில் நடித்தார். அவரைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு வாக்கியம் வந்து விழும்: மோசமான படங்களில் வீணாகிப்போன பெரிய நடிகர். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருடைய படங்களை வரிசையாகப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தில் ஏதோ பிசகு இருப்பதாகத் தோன்றியது. அந்தப் படங்கள் பலவற்றில் கதை பலவீனம், அது உண்மை. ஆனால் அவை கதை சொல்ல எடுக்கப்பட்டவை அல்ல. முப்பது ஆண்டு மேடையில் கற்ற ஒரு வித்தையை, அந்த மேடை அழிந்துகொண்டிருந்த நேரத்தில், கேமரா முன் கொண்டுவந்து வைத்தவை அவை. அந்தக் கண்ணோடு பார்த்தால் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் வேறு மாதிரி தெரிகிறது.

அவர் பிறந்தது 1898 பிப்ரவரி 15 அன்று, நேப்பிள்ஸ் நகரத்தின் சனீத்தா என்ற பகுதியில். நெருக்கமான சந்துகள், ஏழைக் குடும்பங்கள், சுவரை ஒட்டியே கல்லறைகள். தாயின் பெயர் அன்னா கிளெமென்தே. தந்தை ஜுசெப்பே டி குர்டிஸ் மார்க்குவிஸ் என்ற பிரபுப் பட்டம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்போது அவர்களுக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அதனால் குழந்தை தாயின் பெயரோடுதான் பதிவானது: அந்தோனியோ கிளெமென்தே. டோட்டோ என்பது அம்மா கூப்பிட்ட செல்லப் பெயர். தந்தையின் பெயரில்லாமல் வளர்ந்த அந்த வருத்தம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1933இல் வாரிசில்லாத ஒரு முதிய மார்க்குவிஸ் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். பிறகு நீதிமன்றங்களுக்கு அலைந்து, 1940களின் நடுவில் பைசாந்தியப் பேரரசர் குலம் வரைக்கும் நீளும் பட்டங்களைச் சட்டப்படி பெற்றார். அவருடைய முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது கடினம். படப்பிடிப்பில் எல்லோரும் அவரை 'பிரின்சிபே', அதாவது இளவரசே என்றுதான் அழைத்தார்கள். இதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர் இல்லாமல் பிறந்த பிள்ளை தேடித் தேடிச் சேர்த்த பெயர்கள் அவை.

முகத்துக்கு வருவோம். பள்ளியில் ஓர் ஆசிரியரோடு விளையாட்டாகக் குத்துச்சண்டை போட்டபோது மூக்கில் பட்ட அடி, மூக்கின் எலும்பைக் கோணலாக்கியது. முகத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆயின. நீண்ட தாடை ஒரு பக்கம் ஒதுங்கியது. பக்கவாட்டில் ஒரு முகம், நேராகப் பார்த்தால் இன்னொரு முகம். பின்னாளில் தாடையை மேலும் இழுத்துவிட்டுக் கழுத்தை ஆமை போல நீட்டும் வித்தை இதிலிருந்துதான் வளர்ந்தது.

பதின்ம வயதிலேயே நேப்பிள்ஸின் சிறு மேடைகளில் ஏறத் தொடங்கினார். அப்போது அங்கே குஸ்தாவோ டி மார்கோ என்ற நகைச்சுவைக் கலைஞர் புகழோடு இருந்தார். மரப்பொம்மை போல மூட்டு மூட்டாகக் கழன்று ஆடுவது அவருடைய பாணி. டோட்டோ அவரைப் பார்த்துப் பார்த்துப் போலச் செய்தார். தொடக்கத்தில் கிடைத்த கைதட்டல் எல்லாம் இந்தப் போலச்செய்தலுக்குத்தான். முதல் உலகப் போரில் ராணுவச் சேவை. அங்கே ஒரு கார்ப்பொரல், அதாவது சிப்பாய்களுக்கு ஒரு படி மேலே இருக்கும் சிறு அதிகாரி, அவரைப் பாடாய்ப் படுத்தினார். அந்த அனுபவத்திலிருந்து மனிதகுலத்தையே இரண்டாகப் பிரிக்கும் ஒரு கணக்கை அவர் வைத்துக்கொண்டார்: மனிதர்கள் ஒரு பக்கம், கார்ப்பொரல்கள் இன்னொரு பக்கம். மனிதர்கள் பெரும்பான்மை, வேலை செய்வார்கள், துன்பப்படுவார்கள். கார்ப்பொரல்கள் சிலரே, அதட்டுவார்கள், எந்த ஆட்சி வந்தாலும் அதட்டும் இடத்திலேயே இருப்பார்கள். 1955இல் 'நாம் மனிதர்களா, கார்ப்பொரல்களா' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு படம் வந்தது. இன்றும் இத்தாலியில் அந்தக் கேள்வி பேச்சுவழக்கில் இருக்கிறது.

போருக்குப் பிறகு ரோம் நகரத்துக்கு வந்தார். பாட்டும் நடனமும் நகைச்சுவையும் கலந்து நடக்கும் யொவினெல்லி, சாலா உம்பெர்டோ போன்ற வெரைட்டி அரங்குகளில் பெயர் பெற்றார். அவருடைய நிரந்தர வேஷம் அந்த 1920களில்தான் உருவானது: தலையில் வட்டமான கறுப்புத் தொப்பி, தொளதொளவென்று தேய்ந்துபோன வால்கோட்டு, டைக்குப் பதிலாக ஒரு ஷூ லேஸ், கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் கால்சட்டை, அதற்குக் கீழே பளிச்சென்ற வண்ணக் காலுறை. ஒரு கனவானின் உடையை ஏழை ஒருவன் கிடைத்ததைக் கொண்டு கட்டிப் பார்த்தது போன்ற வேஷம். பட்டம் இல்லாத மார்க்குவிஸின் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உடை எது?

இந்த இடத்தில் 'அவன்ஸ்பெத்தாக்கொலோ' பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பேசும்படம் வந்ததும் இத்தாலியின் வெரைட்டி அரங்குகள் பல சினிமாக் கொட்டகைகளாக மாறின. கலைஞர்களுக்கு மிஞ்சியது, படம் போடுவதற்கு முன்னால் ஒரு துண்டு நேரம். அதில் பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாவற்றையும் அடைத்து நடத்துவதுதான் அவன்ஸ்பெத்தாக்கொலோ. ஒரே நாளில் பல காட்சிகள், சம்பளம் குறைவு. படம் பார்க்க வந்த கூட்டம் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் அந்த நிமிடமே கத்தித் தீர்த்துவிடும். 1930களில் டோட்டோ தன் சொந்தக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியது இந்த மேடைகளில்தான். எழுதிவைத்த வசனத்தை ஒப்பித்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியாது. கூட்டத்தின் மூச்சைக் கேட்டு, சிரிப்பு வந்தால் அந்த இடத்தை இழுக்க வேண்டும். வராவிட்டால் அந்த நொடியே வேறு பக்கம் தாவ வேண்டும். அப்புறம் முடிவில் அவருக்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. தொப்பியில் இறகு செருகிக்கொண்டு, பெர்சலியேரி படைவீரர்களின் ஓட்ட நடையில், இசைக்குழு முழங்க, நடிகர்கள் எல்லோரையும் பின்னால் இழுத்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடுவார். உடம்பால் வாணவேடிக்கை காட்டுவார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளின் ஒரு துயரத்தையும் சொல்லிவிட வேண்டும். மேடைப் பாடகி லிலியானா கஸ்தன்யோலாவும் அவரும் காதலித்தார்கள். அந்த உறவு முறியும் நிலையில், 1930இல் லிலியானா உயிரை மாய்த்துக்கொண்டார். டோட்டோ அவரைத் தன் குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்தார். 1933இல் பிறந்த தன் மகளுக்கு லிலியானா என்று பெயர் வைத்தார்.

1940களில் மேடையின் உச்சத்துக்கு வந்தார். எழுத்தாளர் மிக்கேலே கல்தியேரியின் பெரிய இசை நாடகங்களில் நடிகை அன்னா மன்யானியோடு சேர்ந்து நடித்தார். நாடு பாசிச ஆட்சியில், பிறகு ஜெர்மானியர் பிடியில். 1944 தொடக்கத்தில் ரோம் நகரின் வாலே அரங்கில் நடந்த நாடகத்துக்கு 'இவர்கள் மனதில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். இவர்கள் என்றால் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். தணிக்கை அதை 'நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்' என்று மாற்ற வைத்தது. ஜூன் மாதம் ரோம் விடுதலையானது. அதே மாதம் அதே அரங்கில் அடுத்த நாடகம். அதில் டோட்டோ முசோலினியைப் பினோக்கியோவாக ஆடிக் காட்டினார். பொய் சொன்னால் மூக்கு நீளும் அந்த மரப்பொம்மைதான். ஜூலையில் ஹிட்லர் மீது கொலை முயற்சி நடந்த செய்தி வந்ததும், கையில் மாவுக்கட்டோடு திணறும் ஹிட்லரையும் சேர்த்துக்கொண்டார். இளவயதில் டி மார்கோவிடம் பார்த்துப் பழகிய பொம்மை வித்தை இப்படியும் பயன்பட்டது.

இவ்வளவு புகழோடு இருந்தவரைச் சினிமாவுக்கு மட்டும் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை. முதல் படம் 1937இல் வந்த 'ஃபெர்மோ கொன் லெ மானி'. சாப்ளினுக்கு ஓர் இத்தாலிய மாற்று தேடிய தயாரிப்பாளரின் கணக்கு அது. எடுபடவில்லை. அடுத்த சில படங்களும் அப்படியே. வெற்றி 1947இல், இயக்குநர் மரியோ மத்தோலியோடு வந்தது. மேடையிலிருந்த டோட்டோவை அப்படியே கேமரா முன் நிறுத்துவதுதான் சரி என்று மத்தோலிக்குப் புரிந்திருந்தது. அதற்குப் பிறகு வெள்ளம்தான். ஒரே ஆண்டில் ஆறு, ஏழு படங்கள். தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கும். டார்ஜான் ஓடினால் 'டோட்டோ டார்ஜான்', வெளிநாட்டில் கிளியோபாட்ரா படம் பரபரப்பானால் 'டோட்டோவும் கிளியோபாட்ராவும்', பாலைவனக் காவியம் பேசப்பட்டால் 'அரேபியாவின் டோட்டோ'. மூன்று நான்கு வாரத்தில் படப்பிடிப்பு முடிந்துவிடும். 1955இல் இத்தாலியில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் சுமார் 81 கோடியே 90 லட்சம். தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவுவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், சிற்றூர்க் கொட்டகைகளும் தேவாலயத்தை ஒட்டிய அரங்குகளும் வாரந்தோறும் புதுப்படம் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பசிக்கு டோட்டோ படங்கள் நம்பகமான தீனி.

படப்பிடிப்பில் அவர் முறையே தனி. காலையில் வர மாட்டார். காலையில் யாரையும் சிரிக்க வைக்க முடியாது என்பது மேடைக்காரரின் கணக்கு. மதியத்துக்கு மேல்தான் வேலை. ஸ்கிரிப்ட் என்பது ஒரு சாக்கு. எதிரே நம்பகமான ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இத்தாலிய மேடையில் இந்தத் துணை ஆளுக்கு 'ஸ்பல்லா' என்று பெயர். தோள் என்று பொருள். சாய்ந்துகொள்ளத் தோள் கொடுப்பவர். பல ஆண்டுகள் டோட்டோவின் தோளாக இருந்தவர் மரியோ கஸ்தெல்லானி. இருவரும் மேடையில் நடித்த ரயில் படுக்கைப் பெட்டிக் காட்சி 'டோட்டோ ஆ கொலோரி'யில் பதிவாகியிருக்கிறது. ஒரே பெட்டியில் ஒரு மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரும் டோட்டோவும். உறுப்பினரின் பெயர் த்ரொம்பெத்தா, அதாவது ஊதல். அந்தப் பெயரைக் கேட்ட நொடியிலிருந்து டோட்டோ அதை விடவே மாட்டார். சுற்றிச் சுற்றி அதிலேயே வந்து நிற்பார். மேடையில் சில நிமிடக் காட்சியாகத் தொடங்கிய இது, ஒவ்வொரு இரவும் புதிதாக ஏதாவது சேரச் சேர முக்கால் மணி நேரம் வரை நீண்டதாகச் சொல்வார்கள். கஸ்தெல்லானியின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். சிரிக்காமல், மெல்ல மெல்லக் கொதிநிலைக்கு ஏறும் அந்த முகம் இல்லாவிட்டால் டோட்டோவின் பேச்சு காற்றில் போயிருக்கும்.

இன்னொரு தோள் பெப்பினோ டி ஃபிலிப்போ. இவரைத் துணை நடிகர் என்று சொல்வது தவறு. எதிர் நின்று சமமாக ஆடியவர். 1956இல் வந்த 'டோட்டோ, பெப்பினோ எ லா மாலஃபெம்மினா' அந்தப் பருவத்தில் இத்தாலியிலேயே அதிகம் வசூலித்த படம். கிராமத்துச் சகோதரர்கள் இருவர். மருமகப் பிள்ளை படிக்கப் போன இடத்தில் ஒரு நடனக்காரியைக் காதலிக்கிறான் என்று கேள்விப்பட்டு மிலான் புறப்படுகிறார்கள். வடக்கே குளிர் என்று யாரோ சொன்னதால் கம்பளித் தோல் கோட்டும் ரோமத் தொப்பியும் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பேராலயச் சதுக்கத்தில் நிற்கும் போக்குவரத்துக் காவலரிடம், அவர் ஏதோ வெளிநாட்டுக்காரர் என்பதுபோல, பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்த, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மொழியில் வழி கேட்கிறார்கள். காவலர் சாதாரண இத்தாலிய மொழியில் பதில் சொன்னதும் அவர்களுக்கு வரும் ஆச்சரியம் இருக்கிறதே! அதற்குப் பிறகு கடிதக் காட்சி. பையனை விட்டுவிடும்படி அந்தப் பெண்ணுக்கு 7 லட்சம் லிராவோடு ஒரு கடிதம். டோட்டோ சொல்லச் சொல்ல, பெப்பினோ வியர்க்க விறுவிறுக்க எழுதுகிறார். எங்கே புள்ளி, எங்கே அரைப்புள்ளி என்று தெரியாது. அதனால் ஒரே இடத்தில் எல்லாக் குறிகளையும் போடச் சொல்கிறார் டோட்டோ. குறைத்துப் போட்டால் நம்மைக் கஞ்சர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை.

இந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது நாட்டின் பெயரால் அழைக்கப்பட்ட அந்த மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. வீட்டில் நேப்பிள்ஸ் மொழி, வெனிஸ் மொழி, சிசிலி மொழி. பொது மொழி என்பது பள்ளி வாத்தியார், வரி வசூல் அதிகாரி, நோட்டரி, படை அதிகாரி ஆகியோரின் மொழி. அரசாங்கத்துக்கு ஒரு மனுப் போட வேண்டுமென்றால் அந்த மொழிக்கு முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். டோட்டோ செய்தது இதுதான்: அந்த உத்தியோக மொழியின் கனமான சொற்களை எடுத்து, தப்பான இடத்தில், மிகுந்த கம்பீரத்தோடு பயன்படுத்தினார். நோட்டரிகள் மட்டுமே எழுதும் பழைய இணைப்புச் சொற்கள் அவர் வாயில் அரசவை உடையில் வந்த குரங்குகள் போலக் குதித்தன. எழுதத் தெரியாதவன் எழுத்தைப் பார்த்துப் பயந்த காலம் போய், எழுத்தே அவனுக்கு விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. 1950களின் பார்வையாளர்களில் எத்தனையோ பேர் கடிதம் எழுத ஆள் தேடியவர்கள். சிரிப்பின் வேகம் அங்கிருந்து வந்தது.

இந்தச் சொல் விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1962இல் வந்த 'இ தூவே கொலொனெல்லி' சான்று. இரண்டாம் உலகப் போர், கிரேக்க மலைக்கிராமம். டோட்டோ இத்தாலியக் கர்னல். மக்கள் இருக்கும்போதே அந்த ஊரைக் குண்டுவீசி அழிக்கும்படி ஜெர்மன் அதிகாரி கட்டளையிடுகிறார், கர்னல் மறுக்கிறார். தனக்கு மேலிடம் 'வெள்ளைக் காகிதம்' தந்திருப்பதாக அதிகாரி கத்துகிறார். முழு அதிகாரம் உண்டு என்பதற்கு அங்கே சொல்லும் வழக்கு அது. டோட்டோ காகிதத்தைக் காகிதமாகவே எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டு உடம்பின் எந்த இடத்தைத் துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுகிறார். கொச்சையான பதில்தான். ஆனால் படுகொலைக்கு உத்தரவிடும் மொழிக்கு அதைவிடச் சரியான பதிலை நான் சினிமாவில் அதிகம் கேட்டதில்லை. மனிதனா, கார்ப்பொரலா என்ற கேள்விக்கு அவரே சொன்ன விடையாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

மொழிக்கு அடுத்தபடியாகப் பசி. 1954இல் வந்த 'மிசேரியா எ நொபில்தா' 19ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நாடகம் ஒன்றைப் படமாக்கியது. பட்டினி கிடக்கும் குடும்பத்தின் முன்னால் திடீரென்று ஸ்பகெட்டி நிறைந்த பெரிய பாத்திரம் வந்து இறங்குகிறது. முதலில் யாரும் அசையவில்லை; நாற்காலிகளை மெல்ல நகர்த்துகிறார்கள்; அப்புறம் ஒரே பாய்ச்சல். டோட்டோ மேசை மேல் ஏறி, கையால் அள்ளி வாயில் திணித்து, மிச்சத்தைக் கோட்டுப் பையில் சொருகிக்கொண்டு ஆடுகிறார். நேப்பிள்ஸின் பழைய முகமூடி வேடமான புல்சினெல்லா காலத்திலிருந்தே தீராத பசிதான் அந்த ஊர் நகைச்சுவையின் அடிப்படை. போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை; அரங்கில் இருந்தவர்களுக்கு நாளைக்கென்று பையில் எடுத்துவைப்பது ஏன் என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தியது அரிது. விதிவிலக்கு 1951இல் ஸ்டெனோவும் மரியோ மொனிசெல்லியும் இயக்கிய 'குவார்தியே எ லாத்ரி'. டோட்டோ சில்லறைத் திருடர்; ரோம் நகரின் பழைய சதுக்க இடிபாடுகளில் போலிக் காசைத் தொன்மையானது என்று சொல்லி ஓர் அமெரிக்கரிடம் விற்கிறார். ஆல்டோ ஃபப்ரிசி குண்டான காவலர். துரத்தல் நீண்டுகொண்டே போகிறது. இருவருக்கும் மூச்சு வாங்குகிறது. தூரத்தில் நின்றபடியே இளைப்பாறிக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். திருடன் தப்பிவிட, அவனைப் பிடிக்காவிட்டால் காவலருக்கு வேலை போய்விடும் நிலை. தேடிப்போன இடத்தில் இரண்டு குடும்பங்களும் நட்பாகிவிடுகின்றன. கடைசியில் கைது செய்ய மனமில்லாமல் நிற்கும் காவலரைத் திருடனே வற்புறுத்திச் சிறைக்கு அழைத்துப் போகிறான். வீட்டாருக்கு வெளியூர்ப் பயணம் என்று சொல்லிவிட்டு. இதற்காக இத்தாலிய விமர்சகர்களின் வெள்ளி ரிப்பன் விருது டோட்டோவுக்குக் கிடைத்தது. படத்தின் திரைக்கதை 1952இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. மொனிசெல்லியோடு பின்னர் செய்த 'டோட்டோ எ கரொலினா'வில் இவரே காவலர். காவல்துறையைக் கேலி செய்கிறது என்று தணிக்கை அதை முடக்கிப்போட்டு, வெட்டிக் குதறி, 1955இல்தான் விட்டது.

1957இல், ஒரு மேடைச் சுற்றுப்பயணத்தின்போது பலெர்மோ நகரில் இருந்த நேரம், மிஞ்சியிருந்த ஒரு கண்ணும் போனது. அதற்குப் பிறகு நிழலுருவங்கள் மட்டும்தான். மேடையை விட்டார்; சினிமாவை விடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு செட்டுக்கு வருவார், கை பிடித்து அழைத்துவர ஒருவர் இருப்பார். எத்தனை அடியில் மேசை, எந்தப் பக்கம் கதவு என்று மனதில் பதித்துக்கொள்வார். 'தொடங்கு' என்ற குரல் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லாம் பார்க்கிறவர் போல நடந்து, திரும்பி, குதித்து நடிப்பார். காட்சி முடிந்ததும் மறுபடியும் கை பிடித்து நாற்காலிக்கு. திரையைப் பார்த்து உதட்டசைவுக்குப் பேச முடியாததால், சில படங்களின் வெளிப்புறக் காட்சிகளில் அவருக்கு நடிகர் கார்லோ க்ரொக்கொலோ குரல் கொடுத்தார். தூரத்தில் ஓடும் காட்சிகளுக்கு மாற்று ஆள். அவருடைய படங்களில் சரிபாதிக்கு நெருக்கமானவை இந்த நிலையில் எடுக்கப்பட்டவை. 'ஒப்புக்கு நடித்த படங்கள்' என்று அவற்றைச் சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

1958இல் மொனிசெல்லியின் 'இ சொலித்தி இன்யோத்தி'யில் சில நிமிடமே வருகிறார். ஓய்வு பெற்ற பூட்டுடைப்பு நிபுணராக மொட்டை மாடியில் நின்று, கத்துக்குட்டித் திருடர்களுக்கு இரும்புப் பெட்டியைத் திறக்கும் பாடம் நடத்துகிறார். எதிரே விட்டோரியோ காஸ்மன், மார்செல்லோ மாஸ்த்ரொயானி. அடுத்த இருபது ஆண்டு இத்தாலிய நகைச்சுவையைக் கையில் எடுக்கப்போகும் தலைமுறை அது. காஸ்மன் நகைச்சுவைக்குப் புதியவர் என்பதால், டோட்டோ இருந்தால்தான் கூட்டம் வரும் என்று தயாரிப்புத் தரப்பு நினைத்தது.

செட்டுக்கு வெளியே அவர் வேறு ஆள். நடிகை ஃபிராங்கா ஃபல்தினியோடு 1952 முதல் கடைசி வரை வாழ்ந்தார். பார்த்தவர்கள் சொல்வது அமைதியான, கொஞ்சம் சோகமான ஒரு கனவானைப் பற்றி. தெருநாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்தினார். பாடல் எழுதி இசையமைத்தார். 1951இல் எழுதிய 'மாலஃபெம்மேனா'வை இன்றும் நேப்பிள்ஸில் பாடாத பாடகர் இல்லை. 1964இல் வந்த அவருடைய நேப்பிள்ஸ் மொழிக் கவிதைத் தொகுப்பின் தலைப்புக் கவிதை 'ஆ லிவெல்லா'. கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவிக்கு அந்தப் பெயர். கல்லறையில் அருகருகே கிடக்கும் ஒரு மார்க்குவிஸும் ஒரு துப்புரவுத் தொழிலாளியும் நள்ளிரவில் சண்டை போடுகிறார்கள். இந்த நாற்றம் பிடித்தவனை என் பக்கத்திலா புதைப்பது என்று பிரபு கொதிக்கிறார். செத்த பிறகு எல்லோரும் ஒரே மட்டம்தானே என்று தொழிலாளி புரியவைக்கிறார். பட்டங்களுக்காக நீதிமன்றம் ஏறிய மார்க்குவிஸ் எழுதிய கவிதை இது. இரண்டு பிணங்களிலும் அவரே இருந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கடைசியாக இயக்குநர் பசோலினி. 1966இல் 'உச்செல்லாச்சி எ உச்செல்லினி'. டோட்டோவும் இளைஞர் நினெத்தோ தாவொலியும் தந்தையும் மகனுமாக முடிவில்லாத சாலையில் நடக்கிறார்கள். இடதுசாரி அறிவுஜீவித்தனம் பேசும் ஒரு காகம் கூடவே வந்து உபதேசம் செய்கிறது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் அதைப் பிடித்துத் தின்றுவிடுகிறார்கள். கான் விழாவில் டோட்டோவுக்குச் சிறப்புக் குறிப்பு, அடுத்த ஆண்டு இரண்டாவது வெள்ளி ரிப்பன். கூட்டம் மட்டும் வரவில்லை. இந்தப் படம்தான் டோட்டோவை 'மீட்டது' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதில் அவருடைய வாய்ச்சண்டை, வார்த்தைத் துள்ளல் எல்லாவற்றையும் பசோலினி இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறார். நடப்பவரின் முதுகிலும் கால்களிலும் மட்டும் பழைய டோட்டோ தெரிகிறார். மீட்டது உண்மையில் வேறு. 1970களில் கொஃப்ரேதோ ஃபோஃபி போன்ற விமர்சகர்கள் எழுதத் தொடங்கினார்கள். 1976இல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்பை அனுமதித்தது. புதுச் சேனல்களுக்கு மலிவான படங்கள் தேவைப்பட்டன. டோட்டோ படங்கள் இரவு பகலாக ஓடின. அவரைக் கொட்டகையில் பார்த்தேயிராத பிள்ளைகள் கடிதக் காட்சியை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. 1967 ஏப்ரல் 15 அன்று ரோம் நகரில் மாரடைப்பால் இறந்தார். இயக்குநர் நானி லோயின் ஒரு படத்தில் நடிக்கத் தொடங்கியிருந்தார். கடைசியாக நின்ற செட்டில் எடுத்தது ஒரு சவ ஊர்வலக் காட்சி. அந்த வேடத்தைப் பிறகு நடிகர் உகோ தொன்யாத்சி செய்தார். ரோம் நகரில் ஓர் இறுதிச் சடங்கு, சவப்பெட்டி மேல் அந்த வட்டத் தொப்பி. நேப்பிள்ஸில் கார்மினே தேவாலயத்தில் இன்னொன்று, நகரமே தெருவில். ஒரு மாதம் கழித்துச் சனீத்தாக்காரர்கள் தங்கள் பகுதியில் மூன்றாவதாக ஒன்று நடத்தினார்கள், வெறும் சவப்பெட்டியை வைத்து. எங்கள் தெருவில் பிறந்தவனை நாங்கள் வழியனுப்பாமல் எப்படி என்பது அவர்கள் வாதம்.

அவர் இறந்த பிறகு, 1968இல், பல இயக்குநர்களின் குறும்படத் தொகுப்பு ஒன்று வெளியானது. அதில் பசோலினி எடுத்த பகுதியின் பெயர் 'மேகங்கள் என்றால் என்ன'. ஒரு சிறு அரங்கில் பொம்மலாட்டமாக ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகம் நடக்கிறது. பொம்மைகளாக நிஜ நடிகர்கள், உடம்பில் கயிறுகள். முகத்தில் பச்சை வர்ணம் பூசிய வில்லன் இயாகோ பொம்மை டோட்டோ, ஒத்தெல்லோ பொம்மை நினெத்தோ. நாடகத்தின் அநியாயம் பொறுக்காமல் பார்வையாளர்கள் மேடையில் ஏறி இயாகோவையும் ஒத்தெல்லோவையும் அடித்து நொறுக்கிவிடுகிறார்கள். குப்பை வண்டிக்காரர் வந்து, பாடிக்கொண்டே, உடைந்த இரண்டு பொம்மைகளையும் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டிவிட்டுப் போகிறார். பொம்மைகள் மல்லாந்து கிடக்கின்றன. அரங்கை விட்டு அவை இதுவரை வெளியே வந்ததில்லை. மேலே வானத்தை இப்போதுதான் பார்க்கின்றன. அது என்ன என்று நினெத்தோ கேட்கிறான். மேகங்கள் என்கிறார் டோட்டோ. எவ்வளவு அழகு என்கிறான் அவன். இந்த உலகத்தின் நெஞ்சைப் பிழியும் அழகைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு, பச்சை முகத்தோடு, பத்து வருடமாகப் பார்வையில்லாத அந்தக் கண்களை விரியத் திறந்து, டோட்டோ மேகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.